வாடகைக் காலுக்கு ஷின்பேட்

போன வாரம் நாம் விட்டு வந்த இடத்தில் மாணிக்கவாசகம் ஒற்றைச் செருப்போடு ஜப்பானிய ராணுவ லாரியில் ஏறிக்கொண்டிருந்தார். மற்றச் செருப்பு அவர் வீட்டு வாசலிலேயே கிடந்தது. இந்த வாரமும் கிடக்கிறது. மலாக்காவின் காஜா பெராங் தெருவில் அதை எடுத்து ஓரமாக வைக்க ஓர் ஆள் இல்லை. எடுத்தால், உனக்கும் அவருக்கும் என்ன உறவு என்று கேட்பார்கள். எடுக்காவிட்டால், பக்கத்து வீட்டுக்காரன் செருப்பைக்கூட எடுத்து வைக்காதவன் எதையோ மறைக்கிறான் என்பார்கள். ஆகவே தெருவே அந்தச் செருப்பைப் பார்க்காத மாதிரி சுற்றிக்கொண்டு போனது.

மாணிக்கவாசகம் ரேடியோ ரிப்பேர்காரர். வீட்டைக் குடைந்து பார்த்ததில் ஒரு ரேடியோகூட அகப்படவில்லை. ரேடியோவே இல்லாத ரேடியோ ரிப்பேர்காரர் என்றால் விஷயம் பெரிது என்று முடிவு செய்து அழைத்துப் போய்விட்டார்கள். அழைத்துப் போன ராணுவப் போலீஸாரின் சரியான பெயரைத் தெருவில் யாரும் சொல்வதில்லை. கையில் வெள்ளைப் பட்டை கட்டியிருந்ததால் 'கைப்பட்டைக்காரர்கள்' என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள்.

யாரோ காட்டிக் கொடுத்திருக்கிறார்கள். யார்? அந்த வாரம் முழுக்கத் தெருவில் எல்லோரும் எல்லோருக்கும் முந்திக்கொண்டு வணக்கம் சொன்னார்கள்.

கருணாகரனும் சொன்னான். ஆனால் அவனுடைய சந்தேகம் தெருவில் இல்லை. அவன் வீட்டு நடு அறையில் பாய் விரித்துப் படுத்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தது. அதன் பெயர் கலியாணசுந்தரம். கூடப் பிறந்த தம்பி.

*

ஞாயிற்றுக்கிழமை. கடிகாரம் டோக்கியோ நேரப்படி விடிந்துவிட்டது. சூரியனுக்கு இன்னும் உத்தரவு போய்ச் சேரவில்லை போலிருக்கிறது, இருட்டாகவே இருந்தது. கருணாகரன் அவித்த மரவள்ளிக்கிழங்கை உப்பில் தொட்டுத் தின்றுகொண்டிருந்தான். அவன் மனைவி கமலவேணி அடுப்படியிலிருந்து வந்து, அவன் மடியில் ஒரு ஜோடி சாமானைப் போட்டாள்.

“என்னது இது?”

“பாத்தா தெரியலையா? ஷின்பேட். பந்து விளையாடறவங்க முன்னங்கால் எலும்புல கட்டறது.”

“அது தெரியுது. எனக்கு எதுக்கு?”

“நீங்க பந்து விளையாடறவர்தானே? இல்ல, எனக்குத் தெரியாம வேற ஏதாவது பண்றீங்களா?”

கருணாகரன் வாயிலிருந்த கிழங்கை மெல்ல மறந்தான். கலியாணமான நாளிலிருந்து இவள் பந்தைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை. அவன் கொண்டுவரும் அரிசிக்கு அவள் வைத்த பெயர் 'உதைச் சோறு'. திடல் பக்கம் ஒரு நாளும் வந்தவள் இல்லை. அந்தக் குடும்பத்தில் பெண்கள் ஆட்டம் பார்க்கப் போகும் வழக்கம் இல்லை. அதனால்தான், மலாக்கா முழுக்கத் தெரிந்த ஒரு விஷயம் அவளுக்கு மட்டும் தெரியாமல் போயிற்று.

கருணாகரன் ஷின்பேட் கட்டி ஆடுவதே இல்லை.

இது எப்படி வந்த பெருமை என்று சொல்லிவிடுகிறேன். அவன் முதன்முதலில் ஆடிய எஸ்டேட் அணியில் ஒரு ஜோடி ஷின்பேட் குறைந்தது. புதுப் பையன் என்பதால் அவனுக்குக் கிடைக்கவில்லை. அன்றைக்குப் பார்த்து வெறுங்காலில் உதை வாங்கிக்கொண்டே ஒரு கோல் போட்டுவிட்டான். “எலும்பா இரும்பா!” என்று யாரோ கத்தினார்கள். அதற்கப்புறம் ஷின்பேட் மிஞ்சிக் கிடந்தாலும் அவன் தொடவில்லை.

எஸ்டேட்டிலிருந்து சுங்க இலாகா அணிக்குப் போனான். அங்கிருந்து சிரம்பானில் ரயில்வே அணி. பிறகு மூவார், ஈப்போ, சிங்கப்பூர். எந்த அணியில் ஒரு ஃபார்வர்டுக்குக் கால் சுளுக்கியதோ அந்த அணிக்கு அவன் போவான். சுளுக்கு சரியானதும் அவனை அன்போடு அனுப்பி வைப்பார்கள். ஆடுகிற ஆளுக்கு ஒரு வேலை போட்டுத் தருவது அந்நாளைய வழக்கம். ரயில்வேயில் அவன் விளக்கு மேற்பார்வையாளன். ஒரு விளக்கையும் கிட்டப் போய்ப் பார்த்ததில்லை. மூவாரில் ரோட்டு ஓவர்சியர். ரோட்டில் சைக்கிள் விட்டதோடு சரி. 'வாடகைக் கால்' என்று பட்டப்பெயர். கோபப்படமாட்டான். காலி வீட்டை விட வாடகை வீடு மேல் என்பான்.

இப்போதைய வாடகைதாரர் மலாக்காவில் இருந்த ஜப்பானியப் படை. சார்ஜென்ட் மொரிதா என்பவர் பந்துப் பைத்தியம். உள்ளூர் ஆட்களை வைத்து ஓர் அணி சேர்த்திருந்தார். அணியில் இருந்தால் கொஞ்சம் அரிசி உண்டு. வெளியூர் போக அனுமதி உண்டு. முக்கியமாக, சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடிக்கும்போது பிடிக்கமாட்டார்கள். அணியில் இல்லாவிட்டால் பிடிப்பார்கள். கருணாகரன் தன் ஆட்டக் காலத்திலேயே இவ்வளவு கவனமாகப் பயிற்சி செய்தது இந்த 1943-ஆம் வருஷத்தில்தான்.

“இன்னைக்குத் தம்பின் ஊர்லதானே ஆட்டம்?” என்றாள் கமலவேணி.

“ஆமா.”

“ருக்மணி அக்கா வந்து பாப்பா. ஆட்டம் முடிஞ்சதும் இது ரெண்டையும் அவகிட்ட குடுத்துடுங்க. துவைச்சு அனுப்புவா.”

“ஷின்பேடைத் துவைக்கிறதா? தம்பின்ல வெச்சா?”

“அங்க தண்ணி நல்லா இருக்கும்.”

கருணாகரன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. காலைப் பார்த்தான். அது அவன் தொழில் பழக்கம். எதிராளியின் கண் பொய் சொல்லும், கை பொய் சொல்லும், இடுப்பும் பாதமும் சொல்லாது. எந்தப் பக்கம் போகப் போகிறான் என்பதைப் பாதம் முன்கூட்டியே காட்டிவிடும். கமலவேணியின் பாதம் இரண்டும் அடுப்படியைப் பார்த்துத் திரும்பி நின்றன. இந்தப் பேச்சை முடித்துக்கொண்டு ஓடப் பார்க்கிறாள்.

“கமலம், என்ன விஷயம்? என்கிட்ட சொல்லேன்.”

“உங்ககிட்ட என்னத்தைச் சொல்றது? ஒரு பொய் சொன்னா உங்க காது ரெண்டும் செம்பருத்திப் பூவா செவந்து போவுது.”

“அப்ப பொய்யா?”

“கெழங்கு ஆறுது, சாப்பிடுங்க.”

நடு அறைக் குறட்டை எப்போது நின்றது என்று இருவருக்கும் தெரியாது. கலியாணசுந்தரம் கதவோரம் நின்றுகொண்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமை அதிகாலையிலேயே தலை வாரி, ஆபீஸ் சட்டை போட்டிருந்தான். புது சர்க்காரின் ஆபீஸில் குமாஸ்தா. ஜப்பான் பாஷை படித்து முன்னுக்கு வந்தவன். மாணிக்கவாசகத்தைக் கொண்டுபோன அன்று காலை, தெருவில் எல்லார் முகத்திலும் தூக்கம் இருக்க, இவன் மட்டும் சவரம் செய்து முடித்திருந்தான். இதைத்தான் கருணாகரனால் மறக்க முடியவில்லை.

“அட, ஷின்பேடா? அண்ணியா தச்சாங்க?” கலியாணசுந்தரம் குனிந்து ஒன்றை எடுத்தான். விரலால் தட்டினான். “உள்ளே என்ன அண்ணி வெச்சீங்க? பிரம்பா, மூங்கிலா?”

“உங்க அண்ணனோட மானத்தை வெச்சிருக்கேன். கீழ போட்டு உடைச்சிடாதீங்க.”

அவன் சிரித்தான். திருப்பிக் கொடுத்தான். கொடுப்பதற்கு முன் ஓரத்துத் தையலைக் கட்டைவிரலால் ஒரு முறை தடவிப் பார்த்தான். மீன்முள் தையல். மலாக்கா டவுனில் கிழிந்த ஆபீஸ் சட்டைகளை அவள்தான் தைத்துக் கொடுப்பாள், பாதிச் சட்டைகளில் அந்தத் தையல்தான் இருக்கும். கோணி ஓரமானாலும் மீன்முள் போட்டு மூடாவிட்டால் கமலவேணிக்குத் தூக்கம் வராது.

“இன்னைக்கும் ஆபீஸாடா?” என்றான் கருணாகரன்.

“இன்னைக்கும்தான் அண்ணே.”

“எங்க?”

“ஆபீஸ்லதான்.”

தம்பியின் பாதத்தைப் பார்த்தான். சப்பாத்து மாட்டியாயிற்று. இரண்டும் நேராக, சமமாக, எந்தப் பக்கமும் சாயாமல் நின்றன. சின்ன வயதில் இவன் தடுப்பாட்டக்காரன். பேக் விளையாடுகிறவன் முதலில் அசையமாட்டான். மற்றவன் அசையட்டும் என்று காத்திருப்பான்.

*

மலாக்காவிலிருந்து தம்பினுக்கு ஒரு காலத்தில் ரயில் இருந்தது. தண்டவாளத்தைப் பெயர்த்து எங்கேயோ கொண்டுபோய்விட்டார்கள். ஆகவே மலாக்காவின் பண்டார் ஹிலிர் திடலிலிருந்து கரிப்புகையில் ஓடும் லாரி. ஏற்றம் வந்தால் ஆட்டக்காரர்கள் இறங்கித் தள்ளுவார்கள். ஆட்டத்துக்கு முன் உடம்பைச் சூடேற்ற இதைவிட நல்ல ஏற்பாடு எந்தச் சீமையிலும் கிடையாது.

கருணாகரனுக்குப் பக்கத்தில் ஷரீஃபுதீன் பாய். கோல் கீப்பர். பண்டார் ஹிலிரில் மளிகைக் கடை வைத்திருந்தவர். கடையில் இப்போது ஒன்றும் இல்லாததால் முழு நேரமும் பந்து பிடிக்க வந்துவிட்டார்.

“என்ன கருணா, மூட்டை பெருசா இருக்கு? வீட்டுல ஊறுகா கீறுகா குடுத்து விட்டுச்சா?”

“துணிதான் பாய்.”

“துணியா? குலுங்குதே?”

குலுங்கத்தான் செய்தது. ஒவ்வொரு பள்ளத்துக்கும் மடியிலிருந்த துணி மூட்டைக்குள் சோழி உருட்டுவது போலச் சன்னமாக ஒரு சத்தம். கருணாகரன் கையை உள்ளே விட்டான். கோணித் துணிக்குள் பிரம்புப் பட்டைகள். பட்டைக்கும் பட்டைக்கும் நடுவே வரிசையாக, சின்னச் சின்னதாக, வட்டமாக ஏதோ. ஒரு தையல் இடைவெளியில் விரல் நுனியை அழுத்தினான். வெள்ளையாகத் தூள் ஒட்டியது. மூக்கைத் துடைப்பது போல விரலை நாக்கில் வைத்தான்.

அந்தக் கசப்பை ஒரு தடவை அனுபவித்தவன் சாகும்வரை மறக்கமாட்டான். கொயினா, குளிர்காய்ச்சல் மாத்திரை.

கமலவேணியின் அக்கா ருக்மணி தம்பினுக்குப் பக்கத்தில் எஸ்டேட்டில் இருக்கிறாள். அவள் மகன் கணேசமூர்த்திக்குக் குளிர்காய்ச்சல் என்று காய்கறி ஏற்றிவந்த ஒருவன் சொல்லிப் போயிருந்தான். அடுக்கடுக்காகப் போர்த்தியும் பையன் கட்டில் ஆட நடுங்குகிறானாம். எஸ்டேட்டில் மருந்து இல்லை. டவுனிலும் இல்லை. இருக்கிற கொயினா முழுக்க ராணுவத்துக்கு. அனுமதி இல்லாமல் ஒருவன் கையில் இருந்தால் மாணிக்கவாசகம் ஏறின அதே லாரி வரும்.

அடிப்பாவி, என்று கருணாகரன் மனசுக்குள் சொன்னான். சொன்ன கையோடு கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. உடனே சந்தேகம் வந்தது.

இவளுக்கு இவ்வளவு கொயினா எங்கிருந்து கிடைத்தது? எஸ்டேட்டுகளுக்கு மருந்து பிரித்துக் கொடுக்கும் ஆபீஸ் மலாக்காவில் ஒன்றே ஒன்றுதான் உண்டு. கலியாணசுந்தரத்தின் ஆபீஸ். அவன் கொடுத்தானா? கொடுத்திருந்தால், உள்ளே என்ன இருக்கிறது என்று காலையில் ஏன் கேட்டான்? கொடுக்கவில்லையென்றால், தையலை ஏன் தடவினான்?

யோசிக்க நேரமில்லை. டவுன் எல்லையில் காவல் சாவடி தெரிந்தது. முன்னால் ஒரு கட்டைவண்டியை நிறுத்தி, வைக்கோலைக் கூடக் கம்பியால் குத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூட்டையை நிச்சயம் அவிழ்ப்பார்கள். காலை அவிழ்க்கமாட்டார்கள்.

கருணாகரன் குனிந்து ஷின்பேட் இரண்டையும் கால்களில் வைத்துக் கட்டி, காலுறையை மேலே இழுத்துவிட்டான்.

லாரி முழுக்க அவன் காலையே பார்த்தது.

“யா அல்லா,” என்றார் ஷரீஃபுதீன். “வாடகைக் காலுக்கு வேலி போட்டாச்சு டோய்!”

லாரி அதிரச் சிரித்தார்கள். ஒருவன் கருணாகரனின் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். சாவடிச் சிப்பாய்கள் எல்லோரையும் இறக்கி, மூட்டைகளைக் கொட்டிப் பார்த்தார்கள். பூட்ஸுக்குள் கையை விட்டார்கள். கருணாகரனின் மூட்டையில் ஒரு துண்டும் ஒரு வாழைப்பழமும் இருந்தன. வாழைப்பழத்தைப் பறிமுதல் செய்தார்கள்.

அப்போதுதான் லாரி முன்பக்கத்திலிருந்து சார்ஜென்ட் மொரிதா இறங்கி வந்தார். அவருக்கு மலாய் கொஞ்சம் வரும். அந்தக் கொஞ்சத்தையும் உரக்கப் பேசுவார். கருணாகரனின் கால்களைப் பார்த்தார். முகத்தைப் பார்த்தார். மறுபடி கால்களைப் பார்த்தார்.

“நீ இது கட்டமாட்டாய்.”

“ஆமாம் துவான்.”

“தம்பின் சார்ஜென்டிடம் நான் சொல்லிவிட்டேன். என் ஆள் வெறுங்கால். இரும்பு எலும்பு. ஏன் கட்டினாய்?”

எல்லோரும் பார்த்தார்கள். கருணாகரனின் காது சூடேற ஆரம்பித்தது. பொய் சொன்னால் சிவக்கும். உண்மை சொன்னால் கழுத்தே போகும். பொய்யும் இல்லாமல் அந்த உண்மையும் இல்லாமல் ஒன்று வேண்டும். இதுவரை யாரிடமும், தன்னிடம்கூட, சொல்லிக்கொள்ளாத ஒன்று உள்ளே கிடந்தது. அதை எடுத்தான்.

“வயசாயிடுச்சு துவான். வலிக்குது.”

காது சிவக்கவில்லை.

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. ஷரீஃபுதீன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

மொரிதா தலையை ஆட்டினார். “வயசான ஆள் எனக்கு வேண்டாம். இன்று பார்க்கிறேன். ஆட்டம் சரியில்லை என்றால், நாளைக்கு வேறு ஆள்.”

நாளைக்கு வேறு ஆள் என்றால் நாளை மறுநாள் சயாம். மருந்தை மறைத்தாயிற்று, இப்போது ஆளை மறைக்க இடம் இல்லை.

*

தம்பின் அணியில் ஒரு பேக் இருந்தான். பெயர் தெரியவில்லை, அலமாரி என்று வைத்துக்கொள்வோம். பந்து எங்கே போனாலும் அவன் எதிராளியின் காலை எங்கே உதைக்க வேண்டுமோ அங்கேதான் உதைப்பான்.

கருணாகரன் ஆட்டக்காலம் முழுக்க ஒரே மாதிரி ஆடியவன். பந்து வந்தால் இடது காலில் வாங்குவான், வைத்துக்கொள்வான், மூன்று பேரைக் கூட்டி வந்து உதை வாங்குவான், ஜனம் கைதட்டும், பந்து போய்விடும். இன்றைக்கு உதை வாங்க முடியாது. ஓர் உதைக்கு ஒரு பையனின் ஒரு நாள் மருந்து மாவாகிவிடும். ஆகவே பந்து வந்த மாத்திரத்தில் அதைக் கொடுத்தான். யார் பக்கத்தில் இருந்தாலும் கொடுத்தான். கொள்ளிக்கட்டையைக் கை மாற்றுகிற மாதிரி கொடுத்தான்.

அலமாரி வந்து சேரும்போது பந்தும் இருக்காது, காலும் இருக்காது.

இதனால் என்ன ஆயிற்று என்றால், அதுவரை ஒரு பாஸும் வாங்கிப் பழக்கமில்லாத மற்ற ஃபார்வர்டுகள் திடீரென்று கோல் கம்பத்துக்கு முன்னால் பந்தோடு தனியாக நின்றார்கள். முதலில் திகைத்தார்கள். பிறகு கோல் போட்டார்கள். இடைவேளைக்கு முன் ஒன்று, பின் ஒன்று.

“அடப்பாவி,” என்று தன் கோலிலிருந்து ஷரீஃபுதீன் கத்தினார். “பாஸ் குடுடா, பாஸ் குடுடான்னு எத்தனை ஊர்ல எத்தனை பேர் தொண்டை கிழியக் கத்தியிருப்பாங்க! தெரிஞ்சுக்கிட்டே குடுக்காம இருந்தியா?”

கடைசியில் அலமாரிக்குப் பொறுமை போய்விட்டது. பந்து மைதானத்தின் அந்தக் கோடியில் இருக்கும்போது இந்தக் கோடியில் கருணாகரனின் வலது காலில் ஒன்று விட்டான். கறக்கென்று சத்தம் கேட்டது. எலும்போ என்று ஓடி வந்தார்கள். கருணாகரன் உட்கார்ந்து காலைக் கட்டிக்கொண்டான். காலுறை நெய்வு வழியே வெள்ளைத் தூள் கசிந்து புல்லில் விழுந்தது. அவன் கையால் மண்ணை அள்ளி அதன்மேல் தேய்த்தான். வானம் வேறு இருட்டிக்கொண்டு வந்தது. ஒரு மழை வந்தால் கணேசமூர்த்தியின் காய்ச்சல் மருந்து முழுக்கத் தம்பின் திடலுக்குத்தான்.

விசில் ஊதியபோது முதல் தூறல் விழுந்தது. மலாக்கா ஜெயித்திருந்தது. மொரிதா முகம் மட்டும் தெளியவில்லை. ஜெயித்த ஆட்டத்தில் எதையோ யாரோ தன்னிடமிருந்து ஒளித்துவிட்டார்கள் என்ற பார்வை.

*

கருணாகரன் ஷின்பேட் இரண்டையும் அவிழ்த்துத் துண்டில் சுற்றிக்கொண்டு திடலின் ஓரமெல்லாம் தேடினான். ருக்மணியைக் காணோம். மழைக்குக் கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. கொட்டகைக்குப் பின்னால் ஓர் அதிகாரியின் மோட்டார் வண்டி நின்றது. அதன் பக்கத்திலிருந்து குடையோடு ஓர் ஆள் வந்தான். தலை வாரி, ஆபீஸ் சட்டை போட்டு.

“அண்ணே.”

“ஆபீஸ்னு சொன்னே?”

“ஆபீஸ்தான். எங்க பெரியவருக்கு இங்க வேலை. பாஷை மாத்திச் சொல்ல என்னைக் கூட்டி வந்தாரு.” கலியாணசுந்தரம் குடையை அண்ணன் தலைக்கு நீட்டினான். குரலைத் தாழ்த்தினான். “ருக்மணி அக்கா வரல. பையனை விட்டுட்டு வர முடியலையாம். அதை என்கிட்ட குடுங்க. போற வழியில நான் குடுத்துடறேன்.”

“எதை?”

“அண்ணே, விளையாடாதீங்க.”

“விளையாடத்தானே வந்திருக்கேன். எதைக் குடுக்கணும்?”

“அண்ணி தச்சதை.”

“அதுக்குள்ள என்ன இருக்குன்னு உனக்குத் தெரியுமா?”

“உங்களுக்குத் தெரியுமா?”

இரண்டு பேரும் ஒரே குடைக்குள் நின்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கருணாகரன் கண்ணைக் கீழே இறக்கினான். தம்பியின் சப்பாத்து இரண்டும் சேற்றில் சமமாக ஊன்றியிருந்தன. ஒரு விரல் அகலம் இப்படி அப்படித் திரும்பியிருந்தால் அவன் முடிவு செய்திருப்பான். திரும்பவில்லை. எத்தனையோ ஊரில் எத்தனையோ பேக்குகளைப் பார்த்தவன், எவனையும் படித்துவிடுவான். ஒரே வீட்டில் வளர்ந்த ஒருவனை மட்டும் படிக்க முடியவில்லை.

“யார் உன்கிட்ட சொன்னது, அக்கா வரலன்னு?”

“நேரமில்லண்ணே. பெரியவர் கூப்பிடுவார். உங்க சார்ஜென்ட் வேற இங்கேயே பார்க்கிறார்.”

பார்க்கத்தான் செய்தார். கருணாகரன் துண்டுக்குள் கையை விட்டான். உடைந்த வலது ஷின்பேடை எடுத்தான். தம்பியின் கையில் வைத்தான்.

கலியாணசுந்தரம் காத்திருந்தான். “இன்னொண்ணு?”

“ஒண்ணுதான் அழுக்காச்சு.”

ஒரு விநாடி தம்பியின் முகத்தில் ஏதோ வந்தது. சிரிப்பா, வருத்தமா, கோபமா? குடை நிழலில் அதைப் பிடிக்க முடியவில்லை. அவன் ஷின்பேடைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, குடையை அண்ணன் கையில் திணித்துவிட்டு, நனைந்துகொண்டே வண்டிக்கு ஓடினான். வண்டி கிளம்பியது. எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்ப்பதற்குள் லாரிக்காரன் கூப்பிட்டுவிட்டான்.

*

திரும்பும்போது மொரிதா முன்னால் உட்காரவில்லை. பின்பக்கம் ஏறி, கருணாகரனுக்கு எதிரில் உட்கார்ந்தார். மழை வலுத்திருந்தது. எல்லோரும் ஒரு தார்ப்பாய்க்குள் ஒடுங்கியிருந்தார்கள்.

“இன்று நீ பந்தை வைத்துக்கொள்ளவே இல்லை,” என்றார்.

“ஆமாம் துவான்.”

“ஏன்?”

“வயசு, துவான்.”

மொரிதா அவன் மடித் துண்டைப் பார்த்தார். கையை நீட்டி விலக்கினார். ஒற்றை ஷின்பேட்.

“இன்னொன்று எங்கே?”

லாரி தம்பின் முச்சந்தியில் வேகம் குறைந்தது. ரோட்டோரத்தில் ஒரு மரத்தடியில் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். தலைக்கு மேல் வாழையிலை. இடுப்பில் காலிக் கூடை. லாரியில் ஒவ்வொரு முகமாகத் தேடிக்கொண்டிருந்தாள்.

ருக்மணி.

வரவில்லை என்று சொல்லப்பட்ட ருக்மணி. முழுக்க நனைந்து, ஆட்டம் ஆரம்பித்ததிலிருந்தே அங்கே நிற்கிற மாதிரி நின்ற ருக்மணி.



“இன்னொன்று எங்கே?” மொரிதாவின் குரல் ஏறியது.

“உடைஞ்சு போச்சு. வீசிட்டேன்,” என்றான் கருணாகரன். காது கொதித்தது. சிவக்கிறது என்று தெரிந்தது. மொரிதா அதைப் பார்ப்பதற்குள் ஏதாவது செய்ய வேண்டும். லாரி முச்சந்தியில் திரும்பிக்கொண்டிருந்தது. அவன் எழுந்து நின்றான். மடியிலிருந்த இடது ஷின்பேடைத் தலைக்கு மேல் தூக்கினான்.

“இதுவும் வேண்டாம் துவான்! எனக்கு எதுக்கு இது? நான் பொம்பளையா? இது கட்டித்தான் என் ஆட்டமே போச்சு! ஒரு கோல் போட முடியல!”

வீசினான். கையால் வீசியது அவன் வாழ்க்கையிலேயே அதுதான் முதல் தடவை. ஆனாலும் குறி தப்பவில்லை. ஷின்பேட் மழையில் சுழன்று போய் ருக்மணியின் கால் பக்கத்தில் சேற்றில் விழுந்தது.

அவள் கமலவேணிக்கு அக்கா. லாரியைப் பார்த்தாள், அதில் நின்ற ராணுவத் தொப்பியைப் பார்த்தாள், கூடையை இறக்கி வைத்தாள்.

“கட்டையில போறவனே! மனுசி நிக்கறது கண்ணு தெரியல? குப்பை போட என் தலைதான் கெடச்சுதா உனக்கு?”

திட்டிக்கொண்டே அதை எடுத்தாள். உதறினாள். எறியப் போகிறவள் போலக் கையை ஓங்கினாள். பிறகு, இருக்கட்டும், அடுப்பெரிக்கவாவது ஆகும் என்கிற மாதிரி கூடைக்குள் போட்டு வாழையிலையால் மூடிக்கொண்டு நடந்தாள். லாரி திரும்பும்வரை வசவு கேட்டுக்கொண்டிருந்தது. கருணாகரன் அவ்வளவு இனிமையான வசவைக் கேட்டதில்லை.

மொரிதா ஒரு கணம் வாய் திறந்திருந்தார். பிறகு தொடையில் அடித்துச் சிரித்தார்.

“யோஷி! சபாஷ்! வெறுங்கால்! இரும்பு எலும்பு! அடுத்த வாரம் மூவார். நீ ஆடுகிறாய்.”

“சரி துவான்.”

“வயசு?”

“மழையில போயிடுச்சு துவான்.”

லாரியில் சிரிப்பு வெடித்தது. ஷரீஃபுதீன் அவன் முதுகில் ஓங்கி அறைந்தார். அறைந்த கை முதுகிலேயே இருந்தது. காதோரம் குனிந்து, உதடு அசையாமல் கேட்டார்:

“இன்னொண்ணை உன் தம்பிகிட்ட குடுத்ததைப் பார்த்தேன். அவன் ஏறின வண்டியில முன்னால ஒருத்தன் உக்காந்திருந்தான். அவன் கையில என்ன கட்டியிருந்துச்சுன்னு நீ பார்த்தியா?”

கருணாகரன் பார்க்கவில்லை. அவன் தம்பியின் காலை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தான்.

“வெள்ளைப் பட்டையா பாய்?”

ஷரீஃபுதீன் முதுகிலிருந்து கையை எடுத்துக்கொண்டார்.

லாரி கரிப்புகை விட்டுக்கொண்டு மலாக்காவை நோக்கிப் போனது. வீட்டில் ராத்திரிக்கு மரவள்ளிக்கிழங்குதான். கமலவேணி மூன்று தட்டு வைப்பாள். மூன்றாவது தட்டுக்காரன் எங்கே இருக்கிறான் என்று இப்போது தெரியவில்லை. அவன் சட்டைக்குள் உடைந்த கொயினாவும், அதைச் சுற்றி மலாக்காவில் எந்த ஆபீஸுக்காரனும் பார்த்த உடனே யாருடையது என்று சொல்லிவிடக் கூடிய மீன்முள் தையலும் இருந்தன.

கருணாகரன் குடையை மடியில் வைத்து, ஏற்றம் எப்போது வரும் என்று பார்த்தான். இறங்கித் தள்ளினால் சீக்கிரம் போய்விடலாம்.